முப்பத்திரண்டு பிட்டில் ஒரு செத்தவீடு

கொக்குவிலில் வீடியோ எடுத்துப் பிழைப்பவன் நான். முன்பு கலியாணவீடுகள்தான். இப்போது செத்தவீட்டுக்கும் நேரலை போடக் கூப்பிடுகிறார்கள். பிள்ளைகள் பாதிப்பேர் வெளிநாட்டில் இருந்தால் வேறென்ன செய்வது?

என் கணினிக்கு வயது போய்விட்டது. மூன்று கமராப் படத்தையும் ஒன்றாக அனுப்பச் சொன்னால் முக்கும். திருவிழாவுக்கு லண்டனில் இருந்து வந்த மச்சான், காலுறைக்குள் சுற்றி கணினிக்கு எட்டு ஜிபி ராம் நினைவகம் கொண்டுவந்து தந்தார். சந்தோசப் புழுகம் தாங்காமல் அன்றைக்கே அதைப் பக்கத்து ஊரான திருநெல்வேலிக்குக் கொண்டோடினேன். அங்கே கணினி திருத்தும் பிள்ளை அதைக் கணினிக்குள் பூட்டிவிட்டுச் சிரித்தாள்.

"அண்ணை, உது முப்பத்திரண்டு பிட் சிஸ்டம். நாலு ஜிபிக்கு மேலை அதுக்கு விலாசம் எழுதத் தெரியாது. நீங்கள் பதினாறு போட்டாலும் ஒண்டுதான்."

விளங்கப்படுத்தினாள். நினைவகத்தின் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு விலாசம். அதை முப்பத்திரண்டு ஒன்று, பூச்சியங்களால் எழுதவேண்டும். அப்படி எழுதக்கூடியவை நானூறு கோடிக்குக் கொஞ்சம் மேல், அதோடு சரி. அதற்கப்பால் வீடு கட்டிவைத்தாலும் தபால்காரனுக்குப் போகத் தெரியாது. உள்ளதிலும் மற்றப் பாகங்கள் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ள, எனக்கு மிஞ்சியது மூன்று ஜிபி சொச்சம்.

"அப்ப அறுபத்திநாலு பிட்டுக்கு மாத்திவிடும் பிள்ளை."

"மாத்தலாம். பிறகு உங்கடை கமரா அட்டை வேலை செய்யாது."

கமராப் படத்தைக் கணினிக்குள் எடுக்கிற அட்டையைச் சொன்னாள். செய்த கம்பனி எப்போதோ மூடப்பட்டுவிட்டது. அதற்கான மென்பொருள் முப்பத்திரண்டு பிட்டுக்கு மட்டுந்தான் உண்டு. ஒன்றைத் திருத்தினால் மற்றது சாகும். பிறகு பார்ப்போம் என்று வந்துவிட்டேன். வந்தவன் சும்மா இருந்தேனா? கணினியின் நெற்றியில் 'எட்டு ஜிபி' என்று ஒரு சீட்டு ஒட்டினேன். ஆட்கள் கேட்பார்கள் அல்லவா. நாள் போக நானே அதை நம்பத் தொடங்கிவிட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

போன மாதம் வட்டுக்கோட்டையில் ஒரு தாயின் செத்தவீடு. ஒரே மகன் பிரான்சில். அகதி வழக்கு முடியாததால் வெளிக்கிட்டால் திரும்பிப் போகமுடியாது. கொள்ளிவைக்க தங்கையின் மகன் ஒருவனை, பெறாமகன் முறையானவனைப் பிடித்திருந்தார்கள். மகன் காலையிலேயே எனக்குக் கோல் எடுத்தான்.

"அண்ணை, நான் இஞ்சை குளிச்சிட்டு கையிலை அரிசியோடை இருக்கிறன். வாய்க்கரிசி போடேக்கை அம்மான்ரை முகத்தைக் கிட்டவாக் காட்டுங்கோ. பெட்டி மூடுமட்டும் விலத்தாதேங்கோ. அவ்வளவுதான் கேக்கிறன்."

"நீர் யோசியாதையும் தம்பி. நான் பாத்துக்கொள்ளுறன்."

சடங்குக்கு உரலில் சுண்ணம் இடித்தார்கள். பேரப்பிள்ளை முறையான சிறுவர்கள் பந்தம் பிடித்தார்கள். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. வாய்க்கரிசிக்கு ஆட்கள் வரிசையாக வந்தபோது, பெட்டிக்குப் பக்கத்துக் கமராவைக் கிட்டவாக இழுத்தேன். முகம் திரை முழுக்க வந்தது. வந்த இடத்திலேயே கணினி இறுகி நின்றது. நினைவகம் நிறைந்துவிட்டது. மவுசை அசைத்தேன், அசையவில்லை. எட்டு ஜிபி உள்ளே இருக்கிறது, பாதிக்கு மேல் வெறுமையாக இருக்கிறது, அங்கே போக மட்டும் வழியில்லை.

இந்தா வந்துவிடும், இந்தா வந்துவிடும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அதுதான் நான் செய்த பெரிய பிழை. என் கைபேசியில் இருந்துதான் கணினிக்கு இணையம் போய்க்கொண்டிருந்தது. அதை உடனே கழற்றி வீடியோ கோல் எடுத்திருக்கலாம். அந்த யோசனையே வரவில்லை. ஓடிப்போய் அந்த மகனின் தாய்மாமனிடம் கெஞ்சினேன்.

"ஐயா, ஒரு அஞ்சு நிமிசம். மகன் பாக்கேல்லை."

"ராகுகாலம் வரப்போகுது தம்பி. இனி வைச்சிருக்கேலாது."

அவரைக் குறைசொல்ல முடியாது. திரும்பி ஓடிவந்து, மறுபடி இயக்கலாம் என்று பொத்தானை அமத்திக் கணினியை நிறுத்தினேன். அமத்திய பிறகுதான் உறைத்தது, பதிவும் அதற்குள்தான் நடந்துகொண்டிருந்தது. முடிக்காத பதிவு திறக்காது. கணினி பதிகிறதே என்று கமராக்களுக்குள் நான் மெமரி அட்டையும் போடவில்லை.

ஆணி அடிக்கும் சத்தம் கேட்டது. பெட்டி கிளம்பும்போதுதான் கைபேசி மணியடித்தது, மகன்தான். வீடியோவில் எடுத்துத் திருப்பிப் பிடித்தேன். மூடிய பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு வாசல் படலையால் போய்க்கொண்டிருந்தார்கள். பெண்கள் படலையோடு நின்று குழறி அழுதார்கள். திரையில் அவனுடைய வலது கை பொத்தியபடியே இருந்தது.

"மூடிட்டாங்களோ அண்ணை?"

"ஓம் தம்பி."

"முகம் அப்பிடியே நிண்டுது. நெட் சிலோ எண்டு நினைச்சு அரிசியைப் போடாமல் வைச்சிருந்தன்." பிறகு, என்னைத் தேற்றுவதுபோலச் சொன்னான். "பரவாயில்லை. பதிவு இருக்குதுதானே? அதைப் போட்டுப் பாத்து, அந்த நேரத்திலை போடுறன்."

இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஓம் என்றேன்.

முப்பத்தோராம் நாள் கிரியையும் முடிந்துவிட்டது. ஒவ்வொரு ஞாயிறும் கோல் எடுத்து, வெட்டி ஒட்டி முடிந்ததோ என்று பணிவாகக் கேட்கிறான். இன்னும் கொஞ்ச வேலை இருக்கிறது தம்பி என்கிறேன். போன கிழமை, அவசரமில்லை அண்ணை, ஆறுதலாகச் செய்யுங்கோ, அரிசியைக் கடதாசியில் சுற்றிச் சாமிப்படத்தடியில் வைத்திருக்கிறேன் என்றான்.