தினைமாவு ஏற்றிய சர்க்கரையும் அத்தை கொண்டுவந்த சுண்டலும்

போன ஆடி மாதம் எனக்கு வயிற்றில் ஆறாம் மாதம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுத்தார்கள். கர்ப்பகாலச் சர்க்கரை என்றார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முதல் பிள்ளையை எட்டாம் மாதம் வயிற்றிலேயே பறிகொடுத்தவள் நான். இதையும் விட்டுவிடுவேனோ என்ற பயத்திலேயே பாதி உயிர் போய்விட்டது.

டீயில் சர்க்கரையை நிறுத்தினேன். பலகாரத்தைத் தொடவில்லை. ஆனால் சாயங்காலம் நாலு மணி ஆனால் பசி குடலைப் பிடுங்கும். அப்போது முருகனுக்குப் படைத்த தினைமாவில் ஓர் உருண்டை எடுத்துக்கொள்வேன். தினை நல்லதுதானே. அதில் பிசைந்த தேனும், என் வீட்டுக்காரர் கல்வராயன் மலைக்கு லோடு ஏற்றப் போனபோது வாங்கிவந்த சுத்தமான தேன். அதிலும் சாமி பிரசாதம். அது போய்ச் சர்க்கரையை ஏற்றுமா என்று தைரியமாக இருந்தேன். ஓர் உருண்டை இரண்டானது. பக்தியோடுதான் தின்றேன், பொய் சொல்லவில்லை.

பதினைந்து நாள் கழித்துப் பார்த்தால் சர்க்கரை முன்னைவிட ஜாஸ்தி. நர்சம்மா துருவித் துருவிக் கேட்டதில் தினைமாவு வெளியே வந்துவிட்டது.

“முருகருக்கு இன்னாம்மா, சுகரா இருக்குது? அவரு துன்னலாம். நீ துன்னலாமா?” என்றார். அடுத்த வாரமும் குறையாவிட்டால் ஊசி போட வேண்டிவரும் என்றும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து சாமி படத்தின் முன் உட்கார்ந்து அழுதேன். “முருகா, என்னால் வாயைக் கட்ட முடியவில்லை. நீதான் வழிகாட்ட வேண்டும். இந்தப் பிள்ளையை மட்டும் எனக்குக் கொடு” என்று கேட்டேன்.

முருகன் என் மாமியாரை அனுப்பினான்! அத்தை பக்கத்து வீடுதான். முதல் பிள்ளை போனபோது என்னை ராசியில்லாதவள் என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து நான் அவரோடு பேசுவதில்லை. மறுநாள் நாலு மணிக்கு, களை எடுத்துவிட்டுச் சேற்றுக் காலோடு வந்தவர், ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலை நீட்டினார்.

“நர்சம்மாவக் கேட்டுக்கினு வந்தேன். இத துன்னு. எம்மேல கோவம் இருந்தா இருக்கட்டும், புள்ள இன்னாடி பண்ணும்?”

அதன் பிறகு தினமும் வந்தார். ஒரு நாள் கைப்பிடி அவித்த வேர்க்கடலை, ஒரு நாள் முளைகட்டிய பச்சைப்பயறு, ஒரு நாள் பாதி கொய்யாக்காயும் மோரும். இன்னும் கொஞ்சம் கேட்டால் கையைத் தட்டிவிடுவார். சாப்பிட்டதும் தெருக்கோடி வரை நடக்கவைப்பார். எனக்காக அவரும் டீயில் சர்க்கரையை விட்டார். கஷாயம் குடிப்பதுபோல முகத்தைச் சுளித்துக்கொண்டு அவர் அதைக் குடிப்பதைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். பேச்சும் வந்துவிட்டது.

அடுத்த வாரம் சர்க்கரை குறைந்தது. ஊசிக்கு வேலை வரவில்லை. கார்த்திகையில் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் பெண் பிறந்தாள். குதிகாலில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்த்து, குழந்தைக்கு எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். அத்தை உடனே பேத்தியை வாங்கவில்லை. என் தலையைத் தடவி, “அன்னிக்கி சொன்ன வார்த்தைய மறந்துடுடிம்மா” என்று தேம்பினார்.

என்னைப் போலப் பயந்துகொண்டிருக்கும் சகோதரிகளே, முருகனிடம் கேளுங்கள். நர்சம்மா சொல்வதையும் கேளுங்கள், அதுவும் அவன் வாக்குதான். நான் கேட்டது ஒரு பிள்ளை. அவன் எனக்கு ஓர் அம்மாவையும் சேர்த்துக் கொடுத்தான்.