ஒதீலியாவின் பத்துக் கிலோப் பெட்டி

பால் வண்டி இனிமேல் ஊருக்கு வராது என்ற கடிதம் வந்த அன்று, ஒதீலியா பள்ளிக்கூடச் சமையலறையில் நூற்றிருபது பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தாள். கணவன் சிரில் போனில் கடிதத்தைப் படித்துச் சொன்னான். கோடையில் வற்றி மழையில் நிரம்புகிற செர்க்னிட்சா ஏரிக்கரையில் அவர்களுடைய சிற்றூரில் பால் ஊற்றுகிற வீடுகள் மூன்றாகக் குறைந்துவிட்டன. மூன்று வீட்டுக்காக ஒரு வண்டி அவ்வளவு தூரம் வருவது பால் பண்ணைக்குக் கட்டுப்படியாகவில்லை.

"மாசக் கடைசியோட நிறுத்திடறாங்களாம். நான் நாளைக்கே வியாபாரிகிட்ட சொல்லிடறேன். பதினோரு மாட்டையும் ஒரே நடையில ஏத்திட்டுப் போயிடுவான்" என்றான் சிரில்.

"உருளைக்கிழங்கு குழைஞ்சிடும், வை" என்று ஒதீலியா போனை வைத்தாள்.

அவளுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. மாடும் கொட்டிலும் அவள் பிறந்த வீட்டுச் சொத்து. சிரில் அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தவன். காட்டிலிருந்து மரக்கட்டை ஏற்றும் லாரி ஓட்டுபவன். மாட்டைப் பார்த்தால் அவனுக்கு விடியற்காலை நாலரை மணி அலாரம்தான் ஞாபகத்துக்கு வரும். அதனால் அன்று சாயங்காலம் அவள் மாட்டை விற்கப் போவதில்லை என்று சொன்னபோது, அவன் ரொட்டி வெட்டுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான்.

"பாலை என்ன பண்ணப் போறே?"

"கன்னுக்குட்டி குடிக்கட்டும். அதுங்களுக்குன்னு சுரக்கிற பால்தானே. இத்தனை வருஷமா ரெண்டு வாரத்துலயே கன்னைப் பிடிச்சு வியாபாரிகிட்ட குடுத்தோம். இனிமே குடுக்க வேண்டாம். தாயோட விட்டு, ஏரிப்புல்லுல வளத்து, கறியா நாமே விப்போம்."

"யாருக்கு?"

"சாப்பிடறவங்களுக்கு."

"அது கறியாக ரெண்டரை வருஷம் ஆகும், ஒதீலியா."

"அதுக்குள்ள நீ எங்கயாவது போறியா?"

சிரில் மறுபடி ரொட்டியை வெட்டத் தொடங்கினான். அவன் சம்மதம் அவ்வளவுதான்.

மற்ற இரண்டு வீட்டாரும் மாடுகளை விற்றுவிட்டார்கள். அதில் ஒருவன் பக்கத்து வீட்டு ஃப்ளோரியான். காலியான கொட்டிலில் டிராக்டரை நிறுத்திவிட்டு வேலியோரம் வந்து நிற்பது அவனுக்கு வழக்கமாயிற்று. அந்தப் பக்கம் பதினோரு பசுக்களும் பால் குடிக்கும் கன்றுகளோடு மேய்ந்துகொண்டிருக்கும்.

"என்ன ஒதீலியா, மாட்டுக்கெல்லாம் ஓய்வூதியம் குடுத்துட்டியா? ஒண்ணும் வேலை செய்யறதாத் தெரியலையே."

"உன்னைவிட அதிகமாத்தான் செய்யுதுங்க. வேலியில சாயாம நில்லு, கம்பு ஒடிஞ்சிடும்."

மூன்று கோடை போயிற்று. ஏரி வடிந்ததும் மாடுகளை அடித்தரைக்கு ஓட்டுவார்கள்; தண்ணீர் திரும்பி வருவதற்குள் அங்கேயே புல்லை அறுத்துக் காயவைத்து, குளிர்காலத்துக்குக் கொண்டுவந்து அடுக்குவார்கள். காயடித்த நான்கு காளைக்கன்றுகளும் இடுப்புயரம் தாண்டி, தோளுயரம் வந்தன. பள்ளிக்கூடச் சம்பளமும் லாரிச் சம்பளமும் வீட்டை ஓட்டின. ஒதீலியா பள்ளி ஆசிரியர்களிடமும், அஞ்சலகத்திலும், தேவாலய வாசலிலும் சொல்லிவைத்தாள்: அக்டோபரில் முதல் காளை; பத்துக் கிலோப் பெட்டி; பெட்டிக்குள் எல்லாத் துண்டும் கலந்து இருக்கும், கொஞ்சம் முதுகுக்கறி, கொஞ்சம் தொடை, நெஞ்சு, விலா, கால்கறி, சூப்புக்கு எலும்பு. ஒரு காளைக்கு இருபத்திரண்டு பெட்டி. இருபத்திரண்டு பேரும் பெயர் கொடுத்தார்கள்.

அடுத்த பள்ளத்தாக்கில், உரிமம் வாங்கி ஒரு குடும்பம் நடத்தும் கசாப்புக்கூடத்துக்குக் காளையை அவளே வண்டியில் கொண்டுபோனாள். வழியெல்லாம் அது அமைதியாக வந்தது. இறங்கியதும் அவள் கையை மோந்தது. கடைசிவரை அதன் தலைமாட்டிலேயே நின்றாள். வெளியே வந்ததும் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துவிட்டாள். கசாப்புக்காரர் க்விடோ பெரிய உடம்புக்காரர். பேச்சு மட்டும் காதில் விழாத அளவுக்கு மெது. காப்பி கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றார்.

"பயப்படாம வந்துச்சு. நல்லா வளத்திருக்கீங்க" என்றார். பிறகு, "மூணு வாரம் குளிர் அறையில தொங்கட்டும். புல் தின்ன மாடு. அவசரப்பட்டா கடிக்க முடியாது."

ஆனால் அடுத்த சனிக்கிழமை பெட்டி வரும் என்று அவள் எல்லோரிடமும் ஏற்கெனவே சொல்லியிருந்தாள். போன் மேல் போன். ஒருத்திக்குப் பிறந்தநாள் விருந்து, ஒருவர் வீட்டுக்கு இத்தாலியிலிருந்து தம்பி வருகிறார். எட்டாம் நாளே க்விடோவின் வாசலில் போய் நின்றாள்.

அவர் கத்தியைத் துடைத்துக்கொண்டே, "மாடு உங்களது. பல்லு அவங்களது" என்றார். வெட்டிக் கொடுத்துவிட்டார்.

நான்கு நாள் கழித்து ஹெர்மினா அம்மாள் வந்தார். அஞ்சலகத்தில் முப்பத்து நாலு வருஷம் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். எந்தச் செய்தி எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்பது அவருக்கு இன்னும் மறக்கவில்லை. பெட்டியைச் சமையல் மேடையில் வைத்தார்.

"ஒதீலியா, கிழட்டுப் பசுவை வெட்டிக் காளைன்னு சொல்லிட்டியா?"

"ஹெர்மினா அம்மா, இருபத்தெட்டு மாசக் காளை அது. அது காதுல மாட்டியிருந்த சீட்டு நம்பர் பெட்டி மேலேயே இருக்கு."

"நம்பரையா நான் மெல்லப் போறேன்? முதுகுக்கறியே செருப்பு மாதிரி இருக்கு. கொழுப்பைப் பாரு, ஒரே மஞ்சள். கிழட்டுப் பசுவுக்குத்தான் அப்படி இருக்கும்."

அந்த வாரத்துக்குள் ஊர் முழுக்கக் கிழட்டுப் பசுக் கதைதான். இரண்டாவது காளைக்குப் பெயர் கொடுத்தவர்களில் பதினைந்து பேர் பின்வாங்கினார்கள். சிரில் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. வியாபாரியின் நம்பரை ஒரு தாளில் எழுதிக் குளிர்பெட்டியில் காந்தம் வைத்து ஒட்டிவிட்டு வேலைக்குப் போய்விட்டான்.

இரண்டு நாள் அவள் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே போய் வந்தாள். மூன்றாம் நாள் பள்ளிக்கூடம் முடிந்ததும் பெயர்ப் பட்டியலை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். இருபத்திரண்டு வீடும் ஏறி இறங்கினாள். எல்லோரிடமும் ஒரே கேள்விதான்: எந்தத் துண்டை எப்படிச் சமைத்தீர்கள்?

பாதி வீடுகளில் கதை வேறாக இருந்தது. இளம் ஆசிரியர் தம்பதி கால்கறியை வாணலியில் போட்டுப் பத்து நிமிடம் வறுத்திருந்தார்கள். "சூப்பர் மார்க்கெட்டுல வாங்கறது அப்படியே வெந்துடுமே" என்றாள் அந்தப் பெண், வெட்கத்தோடு. வங்கியில் வேலை பார்ப்பவர் நெஞ்சுக்கறியை நெருப்பில் சுட்டிருந்தார். முப்பது வருஷமாகப் பெரிய பெரிய பானைகளோடு பழகிய ஒதீலியாவுக்கு, இவர்கள் யாருக்கும் மூன்று மணி நேரம் அடுப்பில் இருக்க வேண்டிய கறியைப் பார்த்தே பழக்கமில்லை என்பது அப்போதுதான் புரிந்தது.

ஹெர்மினா அம்மாள் வீட்டுக்குக் கடைசியாகப் போனாள். அவர் சமைத்ததில் தப்பில்லை.

"தப்பு என்னுதுதான்" என்றாள் ஒதீலியா. "மூணு வாரம் தொங்க வேண்டியதை எட்டு நாள்ல எடுத்துட்டேன். எல்லாரும் கேக்கறாங்கன்னு அவசரம். ஆனா அது கிழட்டுப் பசு இல்ல. கொட்டில்ல அடைச்சு வளத்த மாட்டுக்கு வெள்ளைக் கொழுப்பு. வருஷம் பூரா புல் தின்னா இந்த மஞ்சள்தான் வரும்."

ஹெர்மினா அம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தார். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த முப்பத்து நாலு வருஷத்தில் யாரும் அவரிடம் வந்து தப்பு என்னுடையது என்று சொன்னதில்லை போலிருக்கிறது.

"உள்ள வா. செருப்போட நிக்காதே" என்றார்.

இரண்டாவது காளை இருபத்து மூன்று நாள் தொங்கியது. க்விடோ விரலால் அழுத்திப் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் கத்தி வைத்தார்கள். விற்காமல் நின்ற பதினைந்து பெட்டிகளில் மூன்றை ஒதீலியா பிரித்தாள். பள்ளிக்கூடத்தின் பெரிய பானைகளைக் கேட்டு வாங்கி, ஊர்த் தீயணைப்புக் குழுவின் கூடத்தில், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு சாப்பாடு என்று சொல்லி அனுப்பினாள். கதையைக் கேட்டவர்களும் கதையைப் பரப்பியவர்களுமாக ஐம்பது பேருக்கு மேல் வந்தார்கள்.

கால்கறியும் விலாவும் காலை ஐந்து மணியிலிருந்து கொதித்த சூப். அதில் மெல்லிய நூடுல்ஸ். சூப்பிலிருந்து எடுத்த கறி, தொட்டுக்கொள்ள, கடுகுபோல் காரம் ஏறும் குதிரைமுள்ளங்கி வேரின் துருவல். அப்புறம் வெங்காயத்தோடு குழைய வெந்த நெஞ்சுக்கறி, வறுத்த உருளைக்கிழங்கு. பரிமாறும் முன் ஒதீலியா கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே பேசினாள். 

"போன தடவை அவசரப்பட்டுக் குடுத்துட்டேன். அது என் தப்பு. இந்தத் தடவை எது எப்படி வேகும்னு எழுதிப் பெட்டியில வச்சிருக்கேன். சாப்பிட்டுட்டுச் சொல்லுங்க."

 இளம் ஆசிரியை கால்கறித் துண்டைக் கரண்டி முனையாலேயே பிட்டுப் பார்த்து, "இது நாங்க வறுத்த அதே கறியா?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டாள். ஹெர்மினா அம்மாள் இரண்டு தட்டு சூப் குடித்தார். யாரும் அவரிடம் எதுவும் கேட்கத் துணியவில்லை. வாயைத் துடைத்துக்கொண்டு நேரே ஒதீலியாவிடம் வந்தார்.

"நாக்கு யாருக்குக் குடுத்தே?"

"நாக்கா?"

"பெட்டியில நாக்கு இல்லையே. வேகவைச்சு மெல்லிசா சீவினா அதுக்கு ஈடே கிடையாது. அடுத்த மாட்டோட நாக்கு எனக்கு."

"ஒரு மாட்டுக்கு நாக்கு ஒண்ணுதானே, ஹெர்மினா அம்மா. யார் யாரோ கேக்கறாங்க."

அடுத்த மேஜையிலிருந்து ஃப்ளோரியான், "அவங்களுக்கு எதுக்கு இன்னொரு நாக்கு? இருக்கறதே ஊருக்குப் போதும்" என்றான். முதலில் சிரித்தது ஹெர்மினா அம்மாள்தான். மறுநாளிலிருந்து அவர் பரப்பிய செய்தி வேறு. மீதிப் பன்னிரண்டு பெட்டிகளும் புதன்கிழமைக்குள் தீர்ந்தன. குளிர்பெட்டியில் ஒட்டியிருந்த தாளைச் சிரிலே எடுத்தான். எப்போது எடுத்தான் என்று அவள் கவனிக்கவில்லை.

சனிக்கிழமைகளில் பெட்டிகளை வீடு வீடாகக் கொண்டுபோகிற வேலையை அவன் ஏற்றுக்கொண்டான். முதலில் வாசலில் வைத்துவிட்டு வந்துவிடுவான். பிறகு நின்று பேசத் தொடங்கினான். விலாவை எத்தனை மணி நேரம் வேகவைப்பது, வெங்காயம் எவ்வளவு போடுவது என்றெல்லாம், தன் வாழ்நாளில் முட்டைகூட வேகவைக்காத மனிதன் விளக்கிக்கொண்டிருப்பதாக ஒதீலியாவின் காதுக்கு வந்தது. அவள் கேட்டபோது அவன் கூச்சப்பட்டான்.

"இருபது வருஷமா மரக்கட்டை ஏத்தறேன். எப்ப வரும்னு யாரும் வாசல்ல வந்து பாத்ததில்ல" என்றான்.

மூன்றாவது காளை வெட்டுவதற்கு முன்பே விற்றுப்போயிற்று. அந்தச் சமயத்தில் தலைநகர் லியுப்லியானாவிலிருந்து ஓர் உணவக முதலாளி வந்தார். ஒவ்வொரு காளையின் முதுகுக்கறி முழுவதையும் தானே எடுத்துக்கொள்வதாகவும், மூன்று மடங்கு விலை தருவதாகவும் சொன்னார். சிரில் அவள் முகத்தைப் பார்த்தான். ஒதீலியா அவருக்குக் காப்பியும் கேக்கும் கொடுத்தாள்.

"முதுகுக்கறியை நீங்க எடுத்துட்டா, மீதியை வாங்கறவங்களுக்கு நான் என்ன சொல்றது? பெட்டியில எல்லாம் கலந்து இருக்கும்னு சொல்லித்தான் அவங்க பேரு குடுத்தாங்க. உங்களுக்கு வேணும்னா அதே மாதிரி ஒரு பெட்டி தரேன். கால்கறி, எலும்பு எல்லாம் சேத்து."

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். ஒரு மாதம் கழித்து நாலு பெட்டிக்குப் போன் செய்தார். வரிசையில் அவர் இருபத்தொன்பதாவதாக நின்றார்.

அடுத்த மே மாதம், மாடுகளைக் கரைப் புல்வெளிக்கு விட்ட நாளில், ஃப்ளோரியான் வேலியோரம் வந்து நின்றான். கேலி ஒன்றும் வரவில்லை. 

"உன் வரிசையில இன்னும் எத்தனை பேரு காத்திருக்காங்க?"

"நாப்பதுக்கு மேல."

"உன் பதினோரு மாட்டை வச்சு அவ்வளவு பேருக்கும் குடுக்க முடியாது."

"முடியாதுதான்."

"டிராக்டரை வெளியில நிறுத்திட்டேன். கொட்டிலைக் கழுவி சுண்ணாம்பு அடிச்சிருக்கேன்." அவன் மாடுகளைப் பார்த்துக்கொண்டே பேசினான். "ரெண்டு கிடாரிக் கன்னு குடுத்தா வளக்கறேன். புல்லு மட்டும்தான் போடுவேன். மூணு வாரம் தொங்கணும்னாலும் தொங்கட்டும். விக்கறதை நீ பாத்துக்கோ. எனக்குப் பேச வராது."

"உனக்கா பேச வராது?" என்றாள் ஒதீலியா.

வேலிப் படலைத் தூக்கி வழிவிட்டாள். எந்தக் கிடாரி பிடிக்கும் என்று பார்க்க அவன் உள்ளே வந்தான். மாடுகள் ஒரு முறை தலை தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேயத் தொடங்கின.