மேற்கா, கிழக்கா

காலைப் படகில் வந்து இறங்குகிறவர்களுக்கு எங்கள் தீவில் ஒரே ஒரு பகல்தான். மாலைப் படகைப் பிடித்தாக வேண்டும். நூசா பெனிடாவின் சாலைகள் இருக்கிற லட்சணத்துக்கு மேற்குப் பாதியைப் பார்த்தால் கிழக்குப் பாதி போச்சு. மேற்கே கடலுக்குள் நீண்ட மலைமுனை, உடைந்த பாறை வளைவு, அலையோரம் பச்சையாகத் தேங்கிக் கிடக்கும் பாறைக்குளம். கிழக்கே வெள்ளை மணல், செங்குத்தான படிகள், மரத்தின் மேல் குடிசை. எதற்குப் போவது என்று புருஷன் பெண்டாட்டிக்குள் படகுத்துறையிலேயே சண்டை மூண்டுவிடும். அந்தச் சண்டையைத் தீர்த்து வைப்பதுதான் சுகெர்த்தி அக்காவின் பிழைப்பாக இருந்தது.

படங்கள் ஒட்டிய பலகையை மடியில் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வருகிறவர்களின் முகத்தைப் பார்க்கமாட்டாள், காலைப் பார்ப்பாள். "இந்தக் குதிகால் செருப்போட கிழக்கே படி இறங்குனா, மேல தூக்கிட்டு வர ஆள் பிடிக்கணும். மேற்கே ஏத்திட்டுப் போ, நெங்கா" என்று எங்கள் மொழியில் எனக்குச் சொல்லிவிட்டு, விருந்தாளியிடம் திரும்பி ஒரு சிரிப்புச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு அவளைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. முதுகுக்குப் பின்னால் யாராவது "மேடம்" என்றால் போதும், தலை திரும்பும்போதே சிரிப்பும் வந்திருக்கும்.

"தூக்கத்துல மேடம்னு சொன்னாக்கூட எந்திரிச்சு உக்காந்து சிரிப்பா. என்னைப் பாத்துதான் ஒரு நாளும் சிரிச்சதில்ல" என்பான் அவள் புருஷன் சுதர்சா. அவனும் நானும் வேன் ஓட்டுகிறவர்கள். துறையில் அடுத்தடுத்து வண்டியை நிறுத்தி, ஒரே கிராம்புச் சிகரெட்டை மாற்றி மாற்றிப் பிடித்தவர்கள்.

பௌர்ணமியை ஒட்டிய ஒரு காலையில் ஓர் இளஞ்ஜோடி வந்தது. சுகெர்த்தி கடலை ஒரு தடவை பார்த்துவிட்டு, "இன்னிக்கு மேற்கு வேணாம், அலை பெருசா இருக்கு. கிழக்கே போங்க" என்றாள். அந்தப் பெண் கைப்பேசியில் பாறைக்குளத்தின் படத்தைக் காட்டி உதட்டைப் பிதுக்கினாள். சுதர்சாவுக்கு மனசு கேட்கவில்லை. "விடு. இதுக்குன்னே பிளேன் ஏறி வந்திருக்குதுங்க. நான் பக்கத்துலயே நிக்கிறேன்."

சொன்னபடியே பக்கத்தில்தான் நின்றான், அதுதான் வினையாயிற்று. படத்துக்காகக் கடலுக்கு முதுகு காட்டி நின்றவளை அலை உருட்டிக்கொண்டு போனது. இவன் குதித்து அவளைப் பாறைமேல் தள்ளிவிட்டான். அடுத்த அலை இவனை விடவில்லை. உடல் கிடைக்கவே இல்லை. அந்தப் பெண் அழுதுகொண்டே மாலைப் படகில் போனாள். அவளைக் குற்றம் சொல்லக்கூடாது என்கிறார்கள். எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

எங்கள் முறை இதுதான்: செத்த இடத்துக்கே போய் உயிரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டு, வழியெல்லாம் பேசிக்கொண்டே வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். பிறகு ஊரோடு சேர்ந்து எரிக்கிற நாள் வரும்போது, உடல் இல்லாவிட்டாலும் ஓர் உருவம் செய்து எரித்துக் கரையேற்றிவிடலாம். கூப்பிடாவிட்டால் அவன் அங்கேயே நனைந்துகொண்டு நிற்பான்.

ஆனால் கூப்பிடுவதென்றால் இடத்தைச் சில நாள் மூடிச் சுத்தி செய்ய வேண்டும். அது ஆகஸ்ட் மாதம், சுற்றுலாக் கூட்டம் அலைமோதுகிற சமயம். மேற்குச் சுற்றின் நுழைவாயிலைக் கவனிக்கும் குழுவுக்குத் தலைவர் முதித்தா, சுகெர்த்தியின் வீட்டு முற்றத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"இப்ப மூடினா ஊரே பட்டினிம்மா. சமுத்திரம் எல்லாம் ஒண்ணுதானே? படகுத்துறையிலயே கூப்பிட்டுடலாம். அவனுக்கு வீட்டுக்கு வழி தெரியாதா என்ன?"

"எல்லாம் ஒண்ணுதான்னா மேற்குக்கு ஒரு டிக்கெட், கிழக்குக்கு ஒரு டிக்கெட் ஏன் மாமா கிழிக்கிறீங்க?" என்றேன் நான்.

அவர் என்னை நிதானமாகப் பார்த்தார். "உன் வேன் எந்த ரோட்டுல ஓடுது, நெங்கா?"

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். எங்கள் ஊரில் பூசாரிகூடக் கொடுத்துவிடுவார், குழு கொடுக்காது. எல்லாருக்கும் படம் காட்டி இடம் சொன்னவளுக்கு, புருஷனைக் கூப்பிடுகிற இடத்தை அவர்களே எடுத்துக்கொடுத்தார்கள். சுகெர்த்தி தலையாட்டினாள். படகுத்துறையில், பெட்டிகள் இறங்கும் சத்தத்துக்கு நடுவே சடங்கு நடந்தது.

சில வாரம் கழித்துக் குறி கேட்கப் போனாள். குறி சொல்பவளின் தொண்டையிலிருந்து ஓர் ஆணின் குரல் வந்ததாம். "குளிருது. நான் நின்ன இடம் உனக்குத் தெரியாதா? என்னை இல்லாத இடத்துல போய்க் கூப்பிட்டியே."

மறுநாள் துறையில் என் வண்டிக் கண்ணாடியைத் தட்டினாள். "நெங்கா, எனக்கு மேற்குச் சுற்று போகணும்."

பூசாரி உடன் வரப் பயந்தார். ஆனால் தீர்த்தத்தைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுத்து, "கூப்பிட்டதும் நடக்க ஆரம்பிச்சிடு. பேச்சை நிறுத்தாதே. யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பாத்துடாதே, அவன் நின்னுடுவான்" என்று சொல்லி அனுப்பினார். வாயிலில் அவளும் ஒரு சுற்றுலாப் பயணியாக டிக்கெட் வாங்கினாள்.

குளத்தோரம் படம் எடுக்க வரிசை நின்றது. சுகெர்த்தியும் வரிசையில் நின்றாள். முறை வந்ததும் தென்னங்குருத்துத் தட்டில் பூவும் சோறும் ஒரு கிராம்புச் சிகரெட்டும் வைத்து, தீர்த்தம் தெளித்தாள். வீட்டில் ஒரு நாளும் அவனைப் பெயர் சொல்லி அழைத்தவள் இல்லை. சடங்குக்குப் பெயர் வேண்டுமே. "சுதர்சா, வா, வீட்டுக்குப் போகலாம்" என்று கத்தினாள். அலைச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. எல்லாரும் கைப்பேசியைத் தூக்கினார்கள்.

அவள் பேசிக்கொண்டே நடந்து வந்தாள். பாதி தூரம் வந்திருப்பாள், தோளில் கிடந்த துண்டு நழுவி விழுந்தது. ஒரு வெளிநாட்டுப் பெண் நல்ல மனசோடு அதை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடிவந்தாள்.

"மேடம்!"

சுகெர்த்தி திரும்பினாள். சிரித்தாள்.

அதற்குப் பிறகு அவள் போட்ட அலறலை யாரும் படம் எடுக்கவில்லை. சிரிப்பு வரைக்கும்தான் எடுத்தார்கள். கடலைப் பார்த்துக் கூப்பிடுகிறாள், நடக்கிறாள், திரும்பிச் சிரிக்கிறாள். அந்த வீடியோ உலகமெல்லாம் ஓடியது. படகிலிருந்து இறங்கும்போதே கைப்பேசியை நீட்டி, "இந்த இடம் மேற்கா, கிழக்கா?" என்று கேட்டார்கள். அவளிடமே கேட்டார்கள். முகம் வற்றிப்போயிருந்ததால் ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. "மேற்கு" என்று சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தாள்.

எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று முதித்தா மறுபடி வந்தார். முகமெல்லாம் பல். "நீ அங்க கூப்பிடணும்னுதானே ஆசைப்பட்டே? இனிமே தினமும் கூப்பிடு, யாரும் தடுக்கமாட்டோம். மாலைப் படகுக்கு முன்னாடி வச்சுக்கலாம். கடைசில மட்டும் திரும்பி அந்தச் சிரிப்பைச் சிரிச்சிடு. அதுக்குத்தானே வர்றாங்க."

அவரை அடிக்கக் கை ஓங்கியிருப்பேன். சுகெர்த்தி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"குளத்தைச் சுத்தி ஆளுங்களை ஒதுக்கிவிடுவீங்களா?"

"கயிறு கட்டிடறேன்."

"பூசாரி வருவாரா?"

"வரச் சொல்றேன்."

"சரி" என்றாள்.

முதல் நாள் நல்ல கூட்டம். கயிற்றுக்குப் பின்னால் வெள்ளையும் மஞ்சளுமாகத் தொப்பிகள். பூசாரி மணியடித்தார். அவள் கூப்பிட்டாள், நடக்கத் தொடங்கினாள். நான் பாதையின் மேல்முனையில் வண்டியருகே அவளுக்கு நேர் எதிரே நின்றேன். நடுவழிக்கு வந்ததும், "மேடம்! மேடம்! இங்கே!" என்று ஒரே கூச்சல். முதித்தாகூடக் கத்தினார். அவள் முகத்தை நான் ஒருவன்தான் பார்த்தேன். வாய் சிரித்தது, அதை அவளால் நிறுத்த முடியவில்லை. தலை மட்டும் திரும்பவில்லை. சிரித்த வாயோடு, கண்ணீர் வழிய, பேசிக்கொண்டே வந்தாள்.

"காலைப் பாத்து வைங்க, கல்லு வழுக்கும். பலாப்பழம் விழுந்து கூரையில ஓடு உடைஞ்சிருக்கு, நீங்கதான் ஏறிப் பாக்கணும். நெங்கா, முன்சீட்டை விடு, பின்னால உக்காந்தா அவருக்கு ஒத்துக்காது."

முன்சீட்டு காலியாக இருந்தது. நான் மெதுவாக ஓட்டினேன். பின்னாலிருந்து அவள் வீட்டுவாசல் வரைக்கும் பேச்சை விடவில்லை.

அன்றைக்கே படகுத்துறையில் அவள் பலகையைப் பிடுங்கிக்கொண்டார்கள். இப்போது ஒரு சாப்பாட்டுக் கடைக்கு வெங்காயம் உரித்துக் கொடுக்கிறாள். அது போகட்டும். குழு சும்மா இருக்குமா? வேறொரு பெண்ணைப் பிடித்துவிட்டார்கள், பக்கத்து ஊர்ப் பெண், லட்சணமானவள். வீடியோவில் உள்ளதை அப்படியே செய்யச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். தினமும் மாலைப் படகுக்கு முன்னால் குளத்தோரம் நின்று, "சுதர்சா, வா" என்று கூப்பிடுகிறாள். திரும்பி அழகாகச் சிரிக்கிறாள். கை தட்டுகிறார்கள்.

ஊரோடு சேர்ந்து எரிக்கிற நாள் இன்னும் வரவில்லை. அதுவரைக்கும் எந்தக் கூப்பாட்டுக்கும் திரும்பிப் போய்விடாமல் அவன் வீட்டில் இருந்தாக வேண்டும்.

நேற்று அந்தப் பெண் கூப்பிடுகிற நேரத்துக்குச் சுகெர்த்தி வீட்டுப் பக்கம் போயிருந்தேன். கதவையெல்லாம் சாத்திக்கொண்டு, ரேடியோவை அலறவிட்டு, அதற்கும் மேலே குரலை உயர்த்திப் பேசிக்கொண்டிருந்தாள். ஓடு, பலாப்பழம், வெங்காயம், மழை என்று வாய்க்கு வந்ததையெல்லாம். ஜன்னல் இடுக்கில் என்னைப் பார்த்ததும் வாசலிலேயே நிற்கச் சொல்லிக் கை காட்டினாள், பேச்சை நிறுத்தாமல்.

மாலைப் படகு ஊதிய பிறகுதான் கதவைத் திறந்தாள். தொண்டை கட்டிப்போயிருந்தது.

"இன்னிக்கும் அவர் காதுல விழல" என்றாள்.