சக்கரம் போட்ட எல்லை

எதிரே வருகிறவர் “என்ன கேப்டன், சௌக்கியமா?” என்று கேட்டால் ஹைரம் கோட்ஸ், “நூத்தி நாப்பத்தி மூணு” என்பார். வண்டியோடு நடந்தபடி, பின்சக்கரத்தில் கட்டிய சிவப்புத் துணி மேலே வரும்போதெல்லாம் ஒன்று கூட்டிக்கொண்டிருப்பார். இருநூற்று இருபது சுற்று, அரை மைல். வில்லோ ஓடையில் பதினேழு குடும்பங்களின் நிலத்துக்கும் அவர் முளையடித்தது இப்படித்தான்.

அவர் எந்தப் படையிலும் இருந்ததில்லை. நெப்ராஸ்காவின் அந்தப் புல்வெளிக்கு முதலில் வந்தவர், குரலும் பெரிது, அதனால் கேப்டன். ஞாயிறு ஜெபத்தை அவர்தான் நடத்துவார். நடுவில் பசு கத்தினால் எழுந்து போய்விடுவார். ஆமென் தொழுவத்திலிருந்து கேட்கும்.

இந்த வசந்தத்தில் அரசாங்க நில அளவைக்காரர் அளவுச் சங்கிலியோடு வந்ததும் தவறு வெளிப்பட்டது. மேற்கே வரும் வழியில் சக்கரத்தின் இரும்புப் பட்டை தளர்ந்து, கொல்லர் அதை வெட்டிக் குறுக்கிப் பூட்டியிருந்தார். சுற்றுக்கு இரண்டு விரற்கடை குறைந்துபோனது எண்ணத் தெரிந்த மனிதருக்கு உறைக்கவே இல்லை. எல்லாக் கோடுகளும் நகர்ந்தன. அந்தப் பதினேழு குடும்பங்களில் ஒருவரான ஏசா ப்ளிஸின் கொட்டகை அடுத்தவர் நிலத்தில் விழுந்தது.

“கோடு எங்க விழுதோ, அந்த நிலத்துக்காரனுக்குத்தான் கொட்டகை” என்று தீர்ப்புச் சொன்னார் கேப்டன்.

அடுத்த வாரம் சங்கிலி அவர் வீட்டுக்கு வந்தது. இரண்டு கோடை முழுக்க அவரே தோண்டிய கிணறு, அந்த வட்டாரத்தில் நல்ல தண்ணீருள்ள ஒரே கிணறு, பக்கத்து நிலத்து தார்காஸ் வீலனுக்குப் போனது. கணவனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவள். தினமும் ஓடையிலிருந்து பீப்பாயை இழுத்து வருகிறவள்.

“கேப்டனுக்கு மட்டும் ஒரு சலுகை கொடுத்தா என்ன?” என்றனர் சிலர்.

“கொடுங்க, கொடுங்க! என் கொட்டகைக்கு மட்டும் கோடு போட்டீங்க” என்றார் ஏசா.

அந்தக் கிணறு போனால் மாடுகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேப்டனுக்கே தெரியவில்லை.

“ஏசா சொல்றது சரி. கிணறு அந்த அம்மாவோடது” என்றார் கடைசியில். பெரிய குரல் அன்று மட்டும் யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை.

மறுநாள் காலை, தன் வாசலிலிருந்து பத்தடி தள்ளியிருந்த கிணற்றைத் தாண்டி, காலி வாளியோடு முந்நூறு அடி நடந்து தார்காஸின் கதவைத் தட்டினார்.

“ஒரு வாளி எடுத்துக்கட்டுமா அம்மா?”

“உங்க வாசல்லயே இருக்கு கேப்டன், இதுக்கு இவ்வளவு தூரம் வரணுமா?” என்று அவள் சிரித்தாள்.

அவர் சிரிக்கவில்லை. அவள் “எடுத்துக்கோங்க” என்று சொல்லும்வரை, வாளியை இரண்டு கையாலும் பிடித்தபடி வாசலிலேயே நின்றார்.