ஒரு 'தே' குறைஞ்ச விண்ணப்பம்

ஞானமலர் தன்ரை ஐம்பத்தோராவது வயதிலை பிஸ்ரல் வாங்க வெளிக்கிட்டா. பொழுதுபோக்குக்கில்லை. சூசைரட்ணம் எண்ட ஒருத்தனுக்குப் பயமெண்டால் எப்பிடியிருக்கும் எண்டு காட்டவேணும். அதுக்குத்தான்.

சூசைரட்ணம் அவவின்ரை பழைய புருசன். விவாகரத்தாகி ஒன்பது வருசம். அவனுக்கு மரியாதை போட்டுக் கதைக்கிற ஆக்கள் ஒஸ்லோவிலை நிறைய இருக்கினம். இந்தக் கதையிலை அது கிடையாது. லோறென்ஸ்கூக்கிலை வீடு, கத்தோலிக்கத் தமிழ்ப் பூசையிலை முன் வாங்கிலை இடம், வேத வாசகம் வாசிக்கிறதுக்கெண்டே செய்து வைச்ச மாதிரி ஒரு குரல். அதையெல்லாம்விடப் பெரிசு அவன்ரை வேட்டை. வேலையிடத்து நொர்வேக்காரரோடை சேர்ந்து சோதினை எழுதி, துவக்கு எடுத்து, ஒவ்வொரு இலையுதிர்காலமும் எல்க் சுடப் போவான். எல்க் எண்டால் இஞ்சத்தைக் காட்டு மான், எங்கடை மாட்டைவிட உயரம். தன்ரை பங்கு இறைச்சியைப் பையளிலை கட்டித் தமிழ்ச் சனத்துக்குக் குடுப்பான். 'எல்க் சூசை' எண்டால் ஞானமலர் இருக்கிற ரொம்சோசிலையும் தெரியாத ஆளில்லை. மிளகு கூடப் போட்டுப் பிரட்டின எல்க் கறியை விரல் நக்கித் திண்டவை ஞானமலருக்காக வாய் திறப்பினமே? அந்த இறைச்சி அவ்வளவு வாயையும் அடைச்சு வைச்சிருந்தது.

ஞானமலரின்ரை வலது மணிக்கட்டை முறிச்சவன் அவன். சேர்ந்திருந்த கடைசி வருசம், கதவுக்கும் நிலைக்கும் நடுவிலை கையை வைச்சு அடிச்சுச் சாத்தினான். ஆசுப்பத்திரியிலை மருத்துவர் என்ன நடந்ததெண்டு கேட்க, அவ வழக்கமாய்ச் சொல்லுற பதிலைச் சொன்னா: "ஐசிலை வழுக்கி விழுந்தனான்."

முந்தின அடியளுக்கு அந்தப் பதில் செல்லுபடியானது, ஏனெண்டால் அதெல்லாம் மாரிப் பனிக்காலத்திலை விழுந்த அடி. இது ஜூன் மாசம். வெளியிலை பிள்ளையள் ஐஸ்கிறீம் குடிச்சுக்கொண்டு திரியினம். மருத்துவர் அவவின்ரை முகத்தைக் கொஞ்ச நேரம் பாத்தார். கணினியிலை ஏதோ எழுதினார். வாசலுக்கு வந்து வெயிலைக் கண்டபிறகுதான் ஞானமலருக்கே தான் சொன்னது விளங்கினது. அந்த வெக்கம் முறிவைவிடக் கூட நொந்தது.

பிரிஞ்ச பிறகு அவவுக்கு மிஞ்சினது மூண்டு. முதியோர் இல்லத்திலை வேலை, ஸ்தவாங்கரிலை எஞ்சினியராய் இருக்கிற மகள் நிலூஜா, வீட்டுக்குப் பின்னாலை இருக்கிற காடு. ரொம்சோசிலை அடுக்குமாடியள் முடியிற இடத்திலையே காடு தொடங்கும். வேலையில்லாத நாளிலை ஒரு வாளி, ஒரு சுடுதண்ணிப் போத்தில், கிழங்கு ரொட்டி ரெண்டு. பெரி எண்டுற காட்டுப்பழம் புடுங்கிக்கொண்டு நாலு மணித்தியாலம் நடப்பா. ஏன் தனிய வாறாய், ஏன் விட்டிட்டு வந்தனீ எண்டு மரங்கள் கேக்காது.

அந்த வருசம் ஒக்ரோபரிலை ஒருநாள் பட்டப்பகலிலை அந்தப் பாதையிலை செம்மஞ்சள் சட்டையோடை ரெண்டு பேர் வந்தினம். ஒருத்தன் நரைச்ச நொர்வேக்காரன். மற்றவன் சூசைரட்ணம், தோளிலை துவக்கு.

"காட்டுக்குள்ளை தனிய வராதை, ஞானம்," எண்டான். அதே வாசகம் வாசிக்கிற குரல். "தூரத்திலையிருந்து பாக்க ஆளோ எல்க்கோ எண்டு தெரியாது."

தமிழ் விளங்காத நொர்வேக்காரன் பின்னாலை நிண்டு அன்பாய்ச் சிரிச்சான். ஞானமலரின்ரை கையிலையிருந்து வாளி விழுந்து பழமெல்லாம் சிதறினது. அவ பொறுக்கேல்லை. திரும்பி நடந்தா, பிறகு ஓடினா.

மூண்டு கிழமை காட்டுப் பக்கம் போகேல்லை. யன்னலாலை மரங்களைப் பாத்துக்கொண்டு இருந்தா. நாலாங் கிழமை அந்தப் பயம் கோவமாய் மாறினது. என்ரை கையை எடுத்தாய், சரி. என்ரை காட்டையுமோ? அட நாசமாய்ப் போவானே! அண்டைக்கே கோட்டைப் போட்டுக்கொண்டு ஆயுதக் கடைக்குப் போனா.

"எனக்கொரு பிஸ்ரல். காட்டுக்கு நடக்கப் போகேக்கை வைச்சிருக்க," எண்டா, தனக்குத் தெரிஞ்ச நொர்ஸ்க் பாசையிலை.

கடைக்காரன் செந்தாடிப் பெடியன். கரடிக்கோ எண்டு கேட்டான்.

"கரடியெண்டால் பரவாயில்லை," எண்டா ஞானமலர்.

அவன் பொறுமையாய் விளங்கப்படுத்தினான். இந்த நாட்டிலை காட்டுக்கெண்டோ, தற்காப்புக்கெண்டோ பிஸ்ரல் தரமாட்டினம். போட்டிக்குச் சுடுறவைக்கு மட்டும்தான். சுடுற கழகத்திலை சேரவேணும், ஆறு மாசம் பழகவேணும், பிறகு பொலிசுக்கு விண்ணப்பம். அப்ப காட்டிலை என்னை வெருட்டுறவனுக்குத் துவக்கு, எனக்குச் சுடுதண்ணிப் போத்திலோ? அந்தக் கேள்வி அவவுக்கு நொர்ஸ்கிலை வரேல்லை. திரும்பிற பஸ்சிலை யன்னலுக்குச் சொன்னா, தமிழிலை, சத்தமாய். முன்சீற்றுக்காரி எழும்பி வேறை இடத்திலை போய் இருந்தாள்.

கழகம் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கீழை, பழைய பதுங்கறையிலை. கிழமைக்கு ரெண்டு நாள், வேலை முடிஞ்ச கையோடை போவா. பெரித் எண்ட நொர்வேப் பெண் பழக்கினா, ஞானமலரின்ரை வயதுதான் இருக்கும். மற்றவை காதை மூடிக்கொண்டு வாய் பேசாமல் சுடுவினம். ஞானமலர் மட்டும் முணுமுணுப்பா. "இது கதவுக்கு. இது ஐசுக்கு. இது முன் வாங்குக்கு." கடதாசி வட்டத்திலை ஓட்டை விழ விழ அவவுக்கு நித்திரை நல்லாய் வரத் தொடங்கினது.

மே மாசம், எந்தப் பிஸ்ரல் எண்டு தெரிவுசெய்யிற நாள் வந்தது. மேசையிலை நாலைஞ்சு கிடந்தது. ஞானமலர் நேராய்ப் போய் எல்லாத்திலும் பெரிசைத் தூக்கினா. பாக்கிறவன் பாத்த இடத்திலையே நடுங்கவேணும். ஒரு வெடிதான் வைச்சா. முறிஞ்சு பொருந்தின மணிக்கட்டுக்குள்ளை மின்னல் அடிச்ச மாதிரி ஒரு நோ, பிஸ்ரலை மேசையிலை வைச்சிட்டுக் கையைப் பிடிச்சுக்கொண்டு குந்தியிட்டா.

பெரித் கையைப் பாத்தா. தழும்பையும் பாத்தா. ஆகச் சின்னன் ஒண்டை எடுத்து நீட்டினா. மெல்லிய குழல், சின்னக் குண்டு. "உம்மடை கைக்கு இதுதான் சரி. உதைக்காது."

ஞானமலருக்குக் கண்ணீர் வந்தது, முழுக்க ஆத்திரம். ஒன்பது வருசத்துக்குப் பிறகும் எனக்கு எந்தப் பிஸ்ரல் எண்டு அவனெல்லோ தீர்மானிக்கிறான்! ஆனால் அந்தச் சின்னனாலை சுட்ட பத்திலை ஒன்பது நடு வட்டத்திலை விழுந்தது. சரி, சின்னனெண்டாலும் சாவு சாவுதான் எண்டு நினைச்சா. நினைச்சதுக்காகச் சுவாமியாரிட்டைப் பாவசங்கீர்த்தனத்துக்கும் போகேல்லை.

விண்ணப்பம் இணையத்திலை நிரப்பவேணும். நிலூஜா போனிலை படிச்சுப் படிச்சுச் சொன்னாள். "அம்மா, போட்டிக்கு எண்டு மட்டும் போடுங்கோ. வேறை ஒண்டும் எழுதாதேங்கோ. அனுப்ப முதல் எனக்குக் காட்டுங்கோ."

"ஓம் பிள்ளை, ஓம்," எண்டா ஞானமலர். காட்டேல்லை. நொர்வேக்கு வந்து இருபத்தாறு வருசம், ஒரு படிவம் நிரப்ப ஏலாதே? போட்டிக்கு எண்டுதான் போட்டா. கீழை 'வேறை விபரம்' எண்டு ஒரு வெறும் பெட்டி இருந்தது. ஐசிலை வழுக்கினனான் எண்டு ஒரு பொய் சொல்லி ஒன்பது வருசம் வெக்கப்பட்டது காணும், இதிலையும் பொய்யோ எண்டு ஒரு ரோசம் வந்திட்டுது. காட்டுக்குள்ளை என்னைப் பாதுகாக்கவும் வேணும் எண்டு ஒரு வசனம் எழுதினா. 'பாதுகாக்க' எண்ட நொர்ஸ்க் சொல்லை அவ ஒரு புத்தகத்திலையும் பாத்ததில்லை. முதியோர் இல்லத்திலை காதாலை கேட்டதுதான். கேட்ட மாதிரி எழுதி அனுப்பினா.

நாலாம் நாள் பொலிசிலையிருந்து அழைப்பு. போனால் மேசையிலை தண்ணி, பக்கத்திலை கண் துடைக்கிற கடதாசிப் பெட்டி. பெண் பொலிஸ் ஒருத்தி, பக்கத்திலை தாதி மாதிரி இன்னொருத்தி. ரெண்டு பேருக்கும் பஞ்சு மாதிரிக் குரல். ஒழுங்காய் நித்திரை கொள்ளுறியளோ? வீட்டிலை தனியவோ? எப்ப தொடக்கம் இந்த எண்ணம்?

"ஒக்ரோபர் தொடக்கம்," எண்டா ஞானமலர்.

ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்தினம். பிறகு பொலிஸ்காரி கணினியைத் திருப்பி அந்த வசனத்தைக் காட்டினா. நொர்ஸ்கிலை 'பெஷித்த' எண்டால் பாதுகாக்கிறது. குறில், எழுதேக்கை ரெண்டு 'தே', அதாவது இங்கிலீசு T எழுத்து. 'பெஷீத்த' எண்டு இழுத்தால், ஒரு 'தே'யோடை எழுதினால், சுடுறது. ஞானமலர் ஒரு 'தே'தான் போட்டிருந்தா. காட்டுக்குள்ளை என்னைச் சுட எனக்கொரு பிஸ்ரல் வேணும்.

குறிலும் நெடிலும் பாலோடை குடிச்சு வளந்த மன்னார்ப் பிள்ளை, ஒரு பாழாய்ப்போன நெடிலிலை போய் மாட்டினா!

ஞானமலர் வெடிச்சுச் சிரிச்சா. "எனக்கென்ன விசரே என்னைச் சுட? சுடுறதெண்டால் அவனையெல்லோ சுடுவன்!" நல்ல காலம், அது தமிழிலை வந்தது. சிரிப்பு முடியேக்கை அழுகையாய்ப் போச்சு. கடதாசிப் பெட்டி உதவினது.

"அப்ப ஆரிட்டையிருந்து உங்களைப் பாதுகாக்கவேணும்?" எண்டு பொலிஸ்காரி கேட்டா.

ஒன்பது வருசத்திலை அந்தக் கேள்வியை ஒருத்தரும் கேட்டதில்லை. செல்வமலர் எண்ட சிநேகிதி, ஒரே கோயில் பங்குக்காரி, 'கொஞ்சம் பொறுத்துப் போயிருக்கலாம்' எண்டுதான் சொன்னவ. ஞானமலர் கதைச்சா. கதவு, நிலை, செம்மஞ்சள் சட்டை, சிரிச்சுக்கொண்டு நிண்ட நொர்வேக்காரன், ஆளோ எல்க்கோ. அவன் சொன்ன தமிழ் வசனத்தைச் சொல்லுக்குச் சொல் நொர்ஸ்குக்கு மாத்திச் சொன்னா. பொலிஸ்காரி எழுதின கையை எடுக்கேல்லை. அவவின்ரை சம்மதத்தோடை பழைய மருத்துவக் குறிப்பையும் எடுப்பிச்சினம். அதிலை அந்த மருத்துவர் ஒன்பது வருசத்துக்கு முதல் எழுதி வைச்சது அப்பிடியே கிடந்தது: 'ஐசில் வழுக்கி விழுந்ததாக நோயாளி சொல்கிறார். இன்று ஜூன் பதினாலு. வெளியே இருபத்திநாலு பாகை.'

பிஸ்ரல் கிடைக்கேல்லை. தற்காப்புக்குத் தரமுடியாது எண்டு ஒரு பக்கக் கடிதம் வந்தது. அதை வாசிச்சு அவ கவலைப்படவும் இல்லை, ஏனெண்டால் அதுக்கு முந்தின சனிக்கிழமை காலமை லோறென்ஸ்கூக்கிலை ஒரு காரியம் நடந்தது. பொலிஸ் வாகனம் சூசைரட்ணத்தின்ரை வாசலிலை நிண்டது. இரும்பு அலுமாரியிலையிருந்து மூண்டு துவக்கையும் ஒவ்வொண்டாய்க் கொண்டுவந்து ஏத்திச்சினம். முன்வீட்டுத் தமிழ்க் குடும்பம் கார் கழுவிக்கொண்டு நிண்டது. தண்ணிக் குழாயை நிப்பாட்ட மறந்து பாத்தினமாம். அந்தச் சிரிச்ச நொர்வேக்காரனும் உண்மையைச் சொல்லியிட்டான்: என்ன கதைச்சவை எண்டு எனக்குத் தெரியாது, ஆனால் அந்தப் பெண் வாளியைப் போட்டிட்டு ஓடினவ. வேட்டைக் குழுவும் சூசைரட்ணத்தை விலத்தியிட்டுது.

ஞானமலருக்குப் பாவம் எண்டு ஒரு துளி வரேல்லை. அண்டைக்குப் பாயாசம் காய்ச்சித் தனிய இருந்து குடிச்சா. கயூப் பருப்பும் போட்டவ.

அடுத்த ஒக்ரோபர் பூசைக்கு எல்க் இறைச்சிப் பை ஒண்டும் வரேல்லை. வாசலிலை செல்வமலர் மறிச்சா. "பாவமெல்லோ ஞானம், அந்த மனுசன் வெளியிலை தலைகாட்டேலாமல் திரியுது. உன்ரை ஒரு சொல்லாலை எல்லாம் போச்சு."

"சொல்லாலையில்லை செல்வம், ஒரு எழுத்தாலை," எண்டா ஞானமலர். "இந்த முறை கோழி சமையுங்கோ."

அந்த மாசக் கடைசியிலை, நல்ல வெளிச்சமான ஒரு காலமை, அவ வாளியோடை காட்டுக்கு ஏறினா. சதுப்பு நிலத்துக்கு மேலாலை போட்ட பலகைப் பாதையிலை முதல் உறைபனி பூத்திருந்தது. குளிருக்கு மணிக்கட்டு உளைஞ்சது. வலக்கையைக் கோட்டுப் பொக்கற்றுக்குள்ளை வைச்சுக்கொண்டு நடந்தா.

எதிர்ப்பக்கத்தாலை சூசைரட்ணம் வந்தான். செம்மஞ்சள் சட்டை இல்லை, கூட ஆளில்லை, கையிலை ஒரு காளான் கூடை. அவவைக் கண்டவுடனை நிண்டான். முகத்தைப் பாக்கேல்லை. பொக்கற்றுக்குள்ளை கிடந்த கையைப் பாத்தான். அவ சுடப் பழகினவ எண்டு ஊரெல்லாம் தெரியும். பிஸ்ரல் கிடைக்கேல்லை எண்டது ஆருக்கும் தெரியாது.

"ஞானம்," எண்டான். வாசகம் வாசிக்கிற குரலைக் காணேல்லை. "ஞானம், நான் சும்மா..."

அவ கையை எடுக்கேல்லை. ஒரு அடி முன்னுக்கு வைச்சா. அவன் ஒரு அடி பின்னுக்கு வைச்சான். அவ இன்னொண்டு வைச்சா. அவன் பாக்காமல் பின்வாங்க, பலகையிலை கால் சறுக்கி, கூடை ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம், வலக்கையை ஊண்டிக்கொண்டு அறைஞ்ச மாதிரி விழுந்தான். கையைப் பிடிச்சுக்கொண்டு முனகினான்.

ஞானமலர் கிட்டப் போய்க் குனிஞ்சு பாத்தா. கதவு சாத்தின நாள் தொடக்கம் இப்பிடி ஒரு முகத்தைப் பாக்கத்தானே காத்திருந்தவ. ஆறுதலாய், வயிறு நிறையப் பாத்தா. பிறகு இத்தனை வருசம் 'இஞ்சாருங்கோ' எண்டு கூப்பிட்ட வாயாலை முதல்தரம் 'நீ' போட்டா.

"மருத்துவர் கேட்டால் ஐசிலை வழுக்கினனான் எண்டு சொல்லு. இது ஒக்ரோபர், நம்புவினம்."

அவனைத் தாண்டிப் போய், அங்காலை குனிஞ்சு பெரிப்பழம் புடுங்கத் தொடங்கினா.