மலை ஏறியதால் அவர் சாகவில்லை

கோமதி இறந்த செய்தி வந்தபோது நான் குழாயடியில் சேலை பிழிந்துகொண்டிருந்தேன். முடக்குவாதம் வந்த விரல்களால் துணியை முறுக்க முடியாது. ஈரச் சேலையைக் குழாயில் ஒரு சுற்றுச் சுற்றி, இரண்டு முனைகளையும் சேர்த்து முன்கையால் திருகினால் தண்ணீர் வடிந்துவிடும். எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தவர் கோமதிதான். போனை என் கணவர் எடுத்தார். போடிமெட்டுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் டிரைவர் பாண்டியின் குரல் எனக்கே கேட்டது. "அண்ணே, டீச்சர்ட்ட சொல்லிருங்க. கோமதிக்கா காலைல போயிட்டாங்க. நெஞ்சுதான்."

என் கணவர் போனை வைத்தார். பிறகு சொன்னார். "பாத்தியா? முடியாத ஒடம்ப வச்சுக்கிட்டு மலைக்கும் காட்டுக்கும் ஓடுனா இப்படித்தான். நீயும் ஓடுனது போதும். வேலைய எழுதிக் குடுத்துட்டு வீட்டுல இரு."

அன்று முதல் அந்தப் பேச்சின் முதல் பாதியைப் பல வாய்களில் கேட்டுவிட்டேன். ஓடி ஓடியே செத்தாள், மலை ஏறித்தான் செத்தாள் என்கிறார்கள். கோமதியை நன்றாக அறிந்த உங்களில் சிலரும் சொன்னீர்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கோமதிக்கு முப்பத்தெட்டு வயது. என்னைவிட இளையவர். ஆக்குபேஷனல் தெரபி படித்தவர். சிலமலையிலிருந்து ஸ்கூட்டரில் கிளம்பி போடியிலும் தேவாரத்திலும் வீடு வீடாகப் போவார். வாரத்தில் ஒரு நாள் ஜீப்பில் மலைக்குப் போவார். வாதம், கைநடுக்கம், சர்க்கரையால் மரத்துப்போன கால் என்று தீராத நோயோடு வாழ்கிறவர்கள் தாங்களாகவே குளிக்க, உடுத்த, சமைக்க, வேலைக்குப் போக வழி கண்டுபிடித்துத் தருவதுதான் அவர் தொழில். அந்தத் தொழிலின் பெயர் ஊரில் யார் வாயிலும் நுழையவில்லை. "பிசியோக்காரம்மா" என்றார்கள். "பேரு கோமதி. அதையே சொல்லுங்க, போதும்" என்பார்.

அவர் முதன்முதலாக என் வீட்டுக்கு வந்தபோது நான் பள்ளிக்கு நீண்ட விடுப்புப் போட்டிருந்தேன். சொந்த வீட்டிலேயே விருந்தாளி போல இருந்தேன். ஒரு டம்ளரைக்கூட யாரும் என் கைக்கு விடவில்லை. என் மதினி, அதாவது என் கணவரின் அக்கா, எங்களோடு வந்து தங்கி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார். என் தலையைப் பின்னிவிட்டதும் மதினிதான். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை, கொடுமையே அதுதான். எங்கள் பக்கம், நோயாளி எவ்வளவு சும்மா இருக்கிறாரோ அவ்வளவுக்கு அந்த வீட்டார் நல்லவர்கள். நான் விளக்குமாற்றைத் தொட்டால் எதிர்வீட்டுக்காரி என்னைப் பார்க்க மாட்டாள், மதினியைத்தான் பார்ப்பாள்.

கோமதி உட்கார்ந்ததும் மதினி காப்பி கொண்டுவந்து வைத்தார். கோமதி தொடவில்லை.

"டீச்சர் போட்டாத்தான் குடிப்பேன்க்கா."

"கை முடியாதவள அடுப்படிக்கு விரட்டுறியே, நீ வைத்தியம் பாக்க வந்தியா, வம்பு பண்ண வந்தியா?"

"ரெண்டுக்குந்தான். வேணாம்னா விடுங்க. ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்காம இப்படியே எந்திரிச்சுப் போறேன். வாசல்ல யாராச்சும் கேட்டா சொல்லிக்கிறேன்."

வீட்டுக்கு வந்தவர் வாய் நனைக்காமல் போவது எங்கள் தெருவில் சின்ன விஷயம் இல்லை. மதினி வழிவிட்டார். கோமதி எல்லா வீட்டிலும் இதைத்தான் செய்வார் என்று பிறகு தெரிந்தது. நோயாளியைச் சும்மா உட்காரவைப்பது மரியாதை என்றால், வந்தவருக்குக் காப்பி கொடுப்பது அதைவிடப் பெரிய மரியாதை. ஒன்றின் மேல் இன்னொன்றை ஏவிவிட்டு வேடிக்கை பார்ப்பார்.

காப்பித்தூள் டப்பாவின் மூடி எனக்குத் திறக்கவில்லை. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. என் கணவர் பதறிக் கையை நீட்டினார். "அண்ணே, அவங்க ஒங்களக் கூப்பிட்டாங்களா? கையக் கட்டிக்கங்க" என்றார் கோமதி. என் எந்த விரல் மடங்கவில்லை, மணிக்கட்டு எந்தப் பக்கம் சாய்கிறது என்று கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒரு மடக்குக் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "நல்லாவே இல்ல டீச்சர். வியாழக்கிழம வர்றேன். அன்னைக்காச்சும் சீனி போடுங்க." மதினிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

வியாழக்கிழமைக்குள் டப்பாக்கள் மேல்தட்டிலிருந்து கீழே இறங்கின. அடுப்பருகே ஒரு உயர ஸ்டூல் வந்தது. கரண்டிப் பிடிகளில் சைக்கிள் டியூபைச் சுற்றித் தடிமனாக்கினார். பாத்திரத்தை விரலால் தூக்காமல் இரு உள்ளங்கைகளால் ஏந்தப் பழக்கினார். பிறகு பள்ளிக்கே வந்து, கரும்பலகை முன்னால் என்னை நிற்கவைத்துப் பார்த்தார். அடிக்கடி ஒன்றைச் சொல்வார்: "களைச்சுப் போயி உக்காராதீங்க. களைக்கிறதுக்கு முன்னாடி உக்காருங்க. அப்பத்தான் திரும்ப எந்திரிக்க முடியும்." போன ஜூனில் நான் வகுப்புக்குத் திரும்பினேன்.

இரங்கல் கூட்டத்தில் யாரோ அவரை இனிமையே உருவானவர் என்று பேசினார்கள். கோமதியிடம் ஒரு நாளாவது திட்டு வாங்கியவர்கள் நம்ப மாட்டீர்கள். ஹெல்மெட் நசுக்கும் என்று தெரிந்தும் தினமும் மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு வந்து, நசுங்கிய பூவுக்காக முதலில் நம்மிடம் சண்டை போடுவார். என்னைப் பார்க்க ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்த உறவுக்காரப் பெண் ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு "பாவம், எப்படி இருந்தவ" என்று ஆரம்பித்தாள். "பாவம் பாக்குறதுன்னா கொஞ்சம் வெளிய உக்காந்து பாருங்க. உள்ள சோலி நடக்குது" என்றார் கோமதி. அந்த உறவு இன்னும் என்னோடு பேசுவதில்லை.

ஒரு விடுமுறை நாளில் அவரோடு மலைக்குப் போனேன். ஏலத்தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடு ஒன்றில் ஒருவர் கைநடுக்கத்தோடு இருந்தார். மனைவி அவருக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். கோமதி விளிம்பு உயர்ந்த தட்டையும் கனமான கரண்டியையும் அவர் முன்னால் வைத்தார். பாதிச் சோறு தரையில் போனது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலில் நின்று பார்க்க, மனைவி கூசிப்போய் "மதி, மதி, போதும்மா" என்று, போதும் என்பதையே மலையாளத்திலும் சேர்த்துச் சொல்லிக் கெஞ்சினார்.

"சிந்துனா சிந்தட்டும்க்கா. ஒங்க வீட்டுக் கோழிக்கு இன்னைக்கு விருந்து."

அந்த மனிதர் சிரித்தார். சிரித்ததில் இன்னும் கொஞ்சம் சிந்தியது. ஆனால் கடைசி வாய் வரை அவரே தின்றார். தின்று முடித்ததும் மனைவியைப் பார்த்து, "நீ திங்கலையா?" என்று கேட்டார். ரொம்ப நாளாக அந்தக் கேள்வியைக் கேட்கும் இடத்தில் அவர் இருந்ததே இல்லை.

இறங்கி வரும்போது ஜீப் ஒரு கொண்டை ஊசி வளைவில் நின்றது. கோமதி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். உதடு வெளுத்திருந்தது. சின்ன வயதிலேயே இதய வால்வு பழுது என்று அன்றுதான் என்னிடம் சொன்னார். மலை ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லவில்லையா என்று கேட்டேன்.

"சொன்னாரு. ஜீப்புதான டீச்சர் ஏறுது? நானா ஏறுறேன்?"

பாண்டி சிரித்துவிட்டு, எங்களுக்காக இன்னும் கொஞ்ச நேரம் வண்டியை எடுக்காமல் நின்றார்.

இதைப் படித்துவிட்டு, அசட்டையாக இருந்துவிட்டார் என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். மாத்திரையை ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லை. பரிசோதனைக்குத் தேனிக்குப் போகும் நாளில் எந்த வீட்டுக்கும் வரமாட்டார். லைன் வீடுகள் வரை ஜீப் போகாத தோட்டங்களில், மேலே இருப்பவர்களைச் சாலைக்கு வரச் சொல்லி, அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்து பார்ப்பார். தன் உடம்பின் அளவு அவருக்குத் தெரியும். அந்த அளவுக்குள் ஒரு அங்குலத்தைக்கூட அவர் வீணாக விடவில்லை, அவ்வளவுதான். அவர் சாவுக்குக் காரணம் பழுதான வால்வு. மலை இல்லை. ஜீப்பும் இல்லை. நாங்களும் இல்லை.

செய்தி வந்த வாரத்தில் என் மூட்டுகள் மறுபடி வீங்கின. விடுப்புப் போட்டேன். மதினி திரும்பி வந்தார். டப்பாக்கள் மேல்தட்டுக்கு ஏறின. என் கணவர் விருப்ப ஓய்வுக்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று விசாரித்துவிட்டு வந்தார். அவர் கெட்டவர் இல்லை. நான் வலியில் முகம் சுளித்தால் அவருக்குச் சோறு இறங்காது. அவர் மேல் கோபப்பட எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகச் சம்மதித்துக்கொண்டிருந்தேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்குச் சிலமலைக்குப் போனோம். கோமதியின் அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "ஒரு நாளு, ஒரே ஒரு நாளு நான் கதவச் சாத்தி அவள உள்ள வச்சிருந்தேன்னா எம்மக இருந்திருப்பா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். சுற்றி இருந்த பெண்கள் ஆமாம் போட்டார்கள். மதினியும் தலையாட்டினார். எனக்குப் பொறுக்கவில்லை.

"சாத்தியிருந்தா இருந்திருப்பாங்களான்னு எனக்குத் தெரியாதும்மா. டாக்டருக்கே தெரியாது. சாத்தியிருந்தா நான் இருந்திருக்க மாட்டேன். அது மட்டும் தெரியும்."

அந்த அம்மா என் கையை இழுத்து மடியில் வைத்து வீங்கிய மூட்டுகளைப் பார்த்தார்.

"நீதான் அந்த டீச்சரா?"

"ஆமாம்மா."

"பள்ளிக்கூடம் போறியா?"

"லீவுல இருக்கேன்."

"எம்மக செத்ததுக்குப் போட்ட லீவா, கை வலிக்குப் போட்ட லீவா?"

"ரெண்டுக்கும்."

"எம்மகளுக்குப் போட்டது இன்னையோட முடிஞ்சுபோச்சு. கை வலி எப்பயும் இருக்கும்ல?" என்றார். பிறகு என் கணவரைத் தேடிப் பிடித்துப் பார்த்தார். "அப்பு, திங்கக்கெழம இவளப் பள்ளிக்கூடத்துல கொண்டுபோயி விடு. விட்டுட்டு எனக்கு ஒரு போன் போட்டுச் சொல்லு."

கதவைச் சாத்தியிருக்க வேண்டும் என்று அழுத அதே வாய். கண்ணீரைக்கூடத் துடைக்காமல்தான் சொன்னார். என் கணவர் குனிந்து, "சரிங்க ஆத்தா" என்றார்.

திங்கட்கிழமை போனேன். வாசலில் என்னை இறக்கிவிட்டு அவர் போன் போட்டார். கை வலித்தது, இப்போது இதை எழுதும்போதும் வலிக்கிறது. ஆசிரியர் அறைக்குள் நுழைந்ததும் ஒரு தோழி ஓடிவந்து என் தோள்பையைக் கழற்றினார். பிரியத்தால்தான். "இனிமே கேட்டுட்டு வாங்குங்க" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர் முகம் வாடியது. நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

கோமதியின் பொறுமை என்று மாலைகளோடு வந்தவர்கள் எதையோ எடுத்துப் போனார்கள். அது அவரிடம் இருந்ததே இல்லை. நான் எடுத்துக்கொண்டது அவருடைய கோபத்தை. அன்போடு வந்து நம் கையிலிருப்பதைப் பிடுங்குகிறவர்கள் மேல் அவருக்கு இருந்த கோபம். அது இப்போது என்னிடம் இருக்கிறது. இத்தனை நாள் யாரிடமும் கோபப்படத் தெரியாதவளாகவே இருந்துவிட்டேன். இனி அப்படி இருப்பதாக இல்லை.