எண்ணெய் தேய்த்துக் காத்திருந்த சீசன்

போன வாரம் விமான நிலையத்துச் சோதனையில் என் எண்ணெய்ப் புட்டியைப் பிடுங்கிக்கொண்டார்கள். பிடுங்கினார்கள் என்பது கொஞ்சம் அதிகப்படி. அந்தப் பெண் மரியாதையாகத்தான் கேட்டாள். மூடியைத் திறந்து முகர்ந்தவள், முகத்தைச் சுளித்துக்கொண்டு தொட்டியில் போட்டாள். அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். கறிவேப்பிலை கருகின எண்ணெய் அது. உம்மா மௌத்தாகிப்போன பிறகு வாப்பாதான் காய்ச்சி அனுப்புகிறார். ஒவ்வொரு தடவையும் கருகவிடுகிறார். நானும் ஒவ்வொரு தடவையும் பிரமாதம் என்கிறேன்.

வேலை அப்படி, மாதத்தில் பாதி நாள் பெட்டியோடு அலைகிறவள் நான். எந்த ஊர்த் தண்ணீரில் தலை குளித்தேன், எந்த ஊரில் தயிர் சாப்பிட்டுத் தொண்டை கட்டியது என்பதெல்லாம் குழம்பிப்போகும். ஓரிடத்தில் உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும். எழுந்துவிட்டால் எங்கே போவதென்று தெரியாது. அன்றைக்கும் விமானத்துக்கு நேரமிருந்ததால் நாற்காலி மாற்றி மாற்றி உட்கார்ந்துகொண்டிருந்தேன். விரலில் ஒட்டின எண்ணெய் மட்டும் போகவில்லை, கைக்குட்டையால் துடைக்கத் துடைக்க வாசனை கூடிக்கொண்டே வந்தது.

இந்த நிலைகொள்ளாமை வாப்பாவின் சொத்து. அவர் சவூதியில் இருந்தார். மற்ற வீட்டு ஆட்கள் பெருநாளுக்கோ கல்யாணத்துக்கோ லீவு கேட்டு வருவார்கள். எங்கள் வாப்பா குற்றாலச் சாரலுக்கு வருவார். தென்காசிக்காரர்களுக்கு இதில் வியப்பு ஒன்றும் இருக்காது. "அங்கன பச்சத்தண்ணியே சுடும்ட்டி, ராத்திரி வாளியில புடிச்சு வச்சு ஆறுன பொறவுதான் காலையில குளிக்கணும்" என்பார். அந்தத் தண்ணீரில் முடி கொட்டிப்போய், ஒவ்வொரு வருஷமும் நெற்றி கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்கு ஏறிக்கொண்டிருந்தது. குற்றால அருவி அந்த முடியை மீட்டுக் கொடுத்துவிடும் என்று அவர் உறுதியாக நம்பினார். அருவிக்கும் அந்த நம்பிக்கைக்கும் சம்பந்தமில்லை என்பது அவர் தலையைப் பார்த்தாலே தெரியும், ஆனால் யார் சொல்வது?

அவர் வருவதற்கு முன்பே உம்மா எண்ணெய் காய்ச்சிவிடுவாள். மிளகு, சீரகம், கரிசலாங்கண்ணி, கறிவேப்பிலை. வீடு முழுக்க அந்த வாசனைதான், என் பள்ளிக்கூடப் பையில்கூட. தலையில் எண்ணெய் வழிய அருவிக்குப் போவோம். சீயக்காய் வேண்டாம், விழுகிற தண்ணீரே எண்ணெயை எடுத்துவிடும். குளித்து வந்தால் ஒரு பசி எடுக்கும் பாருங்கள், அது வேறு எங்கும் வராத பசி. தூக்குச்சட்டியில் உம்மா கொண்டுவந்த தேங்காய்ச் சோறும் கறிக்குழம்பும் சட்டியடி தெரிய காலியாகும். அதன் பிறகும் செங்கோட்டைப் பக்கம் போய்ப் பரோட்டா. வாப்பா வாங்கிக் கொடுக்கும் ரம்புட்டான் பழத்தை உரித்துக்கொண்டே பஸ்ஸில் தூங்கிப்போவோம்.

ஒரு வருஷம் சாரல் வரவில்லை. வாப்பா மட்டும் வந்துவிட்டார்.

விடியும் முன்பே மொட்டைமாடிக்குப் போய் மேற்கே மலையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். இறங்கி வந்து, "மேகாத்து லேசா எடுக்க மாரி இருக்கு, இன்னைக்கு வந்துரும்" என்று தலையில் எண்ணெயை அரக்கித் தேய்த்துக்கொண்டு உட்காருவார். உட்காருவாரா? வாசலுக்கும் மாடிக்குமாக நடப்பார். குற்றாலத்திலிருந்து வருகிற ஆட்டோக்காரர்களை எல்லாம் நிறுத்திக் கேட்பார். "பாறதான் அண்ணாச்சி தெரியுது" என்பார்கள். வெயில் ஏறியதும் உம்மா வெந்நீர் போட்டு, சீயக்காய் கரைத்து, குளியலறையில் வைப்பாள்.

இதில் வயிற்றில் அடி வாங்கியது நாங்கள்தான். எங்கள் வீட்டில் எண்ணெய் தேய்த்த நாளில் தயிர் கிடையாது, வாழைப்பழம் கிடையாது, பகல் தூக்கம் கிடையாது. மிளகும் பூண்டும் தட்டிப்போட்ட ரசம்தான். வாப்பா தினமும் எண்ணெய் தேய்த்ததால் எங்கள் எல்லோருக்கும் தினமும் அந்த ரசம். ஒருநாள் தம்பி தட்டைத் தள்ளிவிட்டு, "இன்னைக்கும் இதானா? அருவிதான் வரலல்லா, தயிரு தந்தா என்ன?" என்று அழுதான். உம்மா அவன் முதுகில் ஒன்று வைத்தாள். வாப்பா தலையை நிமிர்த்தவே இல்லை. அன்று மத்தியானம் அவரே கடைக்குப் போய்த் தயிர் வாங்கி வந்தார், ஆனால் எங்களுக்குத்தான் இறங்கவில்லை.

அப்படியே லீவு தீர்ந்துபோனது. திருவனந்தபுரத்துக்கு வேன் பிடித்துக் கிளம்பினோம். அன்று மட்டும் அவர் எண்ணெய் தேய்க்கவில்லை, விமானத்தில் சட்டை பாழாகும் என்று. வருஷத்துக்கான எண்ணெய் பாட்டில் பிளாஸ்டிக் பையில் சுற்றி, கயிறு கட்டிய அட்டைப்பெட்டிக்குள் இருந்தது. புளியரை தாண்டி மலையேறும்போது காற்று சட்டென்று குளிர்ந்தது. கண்ணாடியில் தூறல் விழுந்தது, அப்புறம் மழை.

"வண்டிய நிப்பாட்டுங்க" என்றார் வாப்பா.

"வேண்டாங்க, இறங்காதீங்க. போற எடத்துல காய்ச்சல் வந்தா யாரு பாப்பா?" என்றாள் உம்மா.

வேன் நின்றது, அவர் இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கி முழங்கை வரை கையை வெளியே நீட்டினார். நனைந்த கையை உள்ளே எடுத்து உச்சந்தலையில் தேய்த்துக்கொண்டார். "சரி, எடுங்க" என்றார். எனக்கு அப்போதே அழுகை வந்துவிட்டது, காது அடைக்கிறது என்று சொல்லி மறைத்தேன்.

மறுநாள் அருவி கொட்டியது. சுரண்டையிலிருந்து சின்னம்மா வீட்டார் எண்ணெய்த் தலையோடு வந்து கூப்பிட்டார்கள். உம்மா எங்களை அனுப்பவில்லை, அவளும் போகவில்லை. வெள்ளிக்கிழமை வாப்பா போன் செய்தார். "தண்ணி வந்திருச்சா?"

"எங்க வருது? இன்னும் வரல" என்றாள் உம்மா. சொல்லும்போது ஜன்னலைச் சாத்தினாள், வெளியே மழை. அந்தச் சீசன் முழுக்க அவர் கேட்டார், அவள் வரவில்லை என்றே சொன்னாள். எங்களுக்கும் அதே பாடம்.

பல வருஷம் கழித்து, வாப்பா ஊரோடு வந்துவிட்ட பிறகு கேட்டேன், "நெசமாவே தெரியாதா ஒங்களுக்கு?"

"தெரியாம என்ன? ரூம்ல கூட இருந்தவன் நம்ம பக்கத்துக் கடையத்துக்காரன்லா, அவன் வீட்டுல சொல்லிட்டாவ. இருந்தாலும் ஒங்க உம்மா வரலன்னு சொல்லுததக் கேட்டாத்தான் எனக்கு அன்னைக்குச் சோறு எறங்கும்."

இப்போது அவருக்குப் பச்சைத்தண்ணீர் ஒத்துக்கொள்வதில்லை. அருவி கூப்பிடு தூரத்தில் இருக்க, ஹீட்டர் போட்டுக் குளிக்கிறார். அருவியிலும் எண்ணெய் தேய்த்துக் குளிக்கக் கூடாதென்று தடை, அந்த வாசனையே அங்கே இல்லை. எனக்கோ மூன்று சீசனாக லீவு கிடைக்கவில்லை.

நாற்காலி மாறி உட்கார்ந்தபோது தம்பி அனுப்பிய வீடியோ வந்தது. மெயினருவியில் பாதுகாப்பு வளைவுக்கு மேலே தண்ணீர் பாய்கிறது. பார்க்கப் பார்க்க இருப்புக்கொள்ளவில்லை. வாப்பாவுக்குப் போன் செய்தேன். எண்ணெய் தொட்டிக்குப் போன கதையை விட்டுவிட்டுக் கேட்டேன், "தண்ணி வந்திருச்சா வாப்பா?"

போனுக்குள் மாடித் தகரத்தில் மழை அடித்துக்கொண்டிருந்தது. ஜன்னலைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"எங்கட்டி வருது? இன்னும் வரல. நீ நிதானமா போயிட்டு வா" என்றார்.

"வந்தா சொல்லுங்க வாப்பா" என்றேன். உம்மாவின் அந்தப் பொய்யை வாப்பா வாயிலிருந்து அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன்.